ஏரி வேலைக்கு வராதவருக்கும் தண்ணீர் உண்டா?

ஐப்பசி மழைக்கு முன் வரத்துக் கால்வாயைத் தூர் எடுக்க வேண்டும் என்பது ஏரிப் பாசன ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தமுக்குப் போட்டு ஆள் கூப்பிட்டால் மண்வெட்டியோடு வருபவர்கள் பத்துப் பேர். ஏரி நிரம்பியதும் மடைக்கு வருபவர்கள் அறுபது பேர். அடுத்த ஆண்டு அந்தப் பத்துப் பேரும் வருவதில்லை. "நமக்கு மட்டும் என்ன தலைவிதி?" என்று இருந்துவிடுகிறார்கள்.

அதன் பலனை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கால்வாயில் காட்டாமணக்கும் சீமைக் கருவேலும் மண்டுகின்றன. மழை பெய்தும் ஏரி நிரம்புவதில்லை. முதலில் கடைமடை காய்கிறது. பிறகு நடுமடை. கடைசியில் தலைமடைக்காரரும் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்குகிறார்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 1960களில் இவற்றால் ஏறத்தாழ 9 லட்சம் ஹெக்டேர் நிலம் பாசனம் பெற்றது. பின்னர் இதில் பாதிகூடத் தேறாத ஆண்டுகள் பல வந்துவிட்டன. ஆக்கிரமிப்பு, மழை குறைவு, நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏற்பட்ட மாற்றம், கிணறுகள் பெருகியது என்று காரணங்கள் பல. அவற்றில் சில நம் கையில் இல்லை. ஆனால் ஊரார் சேர்ந்து வேலை செய்வது நின்றுபோனது நம் கையில் உள்ள காரணம். அதைச் சரிசெய்யும் வழிகளை இங்கே பார்ப்போம்.

சும்மா இருப்பவருக்கு லாபம் எப்படி?

ஸ்விட்சர்லாந்து நாட்டின் ஸூரிச் நகரில் எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கேக்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவுகள் 2000ம் ஆண்டில் வெளியாயின. நம் கணக்கில் சொன்னால் அது இப்படி:

நாலு பேர் கையில் ஆளுக்கு 20 ரூபாய் இருக்கிறது. விருப்பமான தொகையைப் பொது உண்டியலில் போடலாம். போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாலு பேருக்கும் தலா 40 பைசா கிடைக்கும். அதாவது ஒரு ரூபாய் ஊருக்கு ஒரு ரூபாய் 60 பைசாவாகத் திரும்பி வருகிறது. ஆனால் போட்டவர் கைக்கு வருவது 40 பைசாதான்.

நாலு பேரும் முழுவதும் போட்டால் ஆளுக்கு 32 ரூபாய் கிடைக்கும். யாருமே போடாவிட்டால் ஆளுக்கு 20 ரூபாயோடு சரி. மூன்று பேர் போட்டு, ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் போட்டவர்களுக்கு ஆளுக்கு 24 ரூபாய். சும்மா இருந்தவருக்கு 44 ரூபாய்!

ஏரி வேலைக்கு வராதவர் கணக்கும் இதுவேதான். அவர் கெட்டவர் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைய கூலியும் மிச்சம், தண்ணீரும் கிடைக்கிறது என்றால் அந்தப் பக்கம் மனம் சாய்வது இயற்கை.

சோதனையில் நடந்தது என்ன? ஆரம்பத்தில் பலரும் நல்ல எண்ணத்தோடு கணிசமாகப் போட்டார்கள். சிலர் போடுவதில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் படிப்படியாகக் குறைத்தார்கள். கடைசிச் சுற்றுகளில் உண்டியலில் விழுந்தது மிகச் சொற்பம். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யப்பட்டது. போடாதவருக்கு மற்றவர்கள் அபராதம் விதிக்கலாம், ஆனால் அதற்குத் தாங்களும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும் என்று விதி வந்தது. உடனே உண்டியல் ஏறத் தொடங்கியது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, பெரும்பாலோர் ஒத்துழைக்கத் தயாராகவே இருக்கிறார்கள். ஏமாளி ஆக விரும்பாமல்தான் பின்வாங்குகிறார்கள். இரண்டாவது, "ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்று உபதேசம் செய்தால் மட்டும் போதாது. வடம் பிடிக்காதவர் யார் என்று தெரியவும், அவரைக் கேட்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி உலகெங்கும் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி. பொதுச் சொத்து பாழாகத்தான் செய்யும், அதைத் தனியாருக்கு விற்கவேண்டும் அல்லது சர்க்கார் எடுத்துக்கொள்ளவேண்டும் என்ற கருத்து பலமாக இருந்த காலம் அது. கால்வாய்களையும் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மக்களே பல நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வரும் ஊர்களை அவர் எடுத்துக் காட்டினார். அவருடைய முக்கியமான நூல் 1990ல் வெளிவந்தது. 2009ம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்ற இருவரில் அவரும் ஒருவர். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. அப்படிப்பட்ட ஊர்களில் காணப்படும் விதிகள் ஏரிப் பாசனத்துக்கு அப்படியே பொருந்துகின்றன.

1. பங்காளிகள் யார்?

முதல் வேலை, ஆயக்கட்டுப் பட்டியல் எழுதுவது. சர்வே எண், ஏக்கர், பாயும் மடை, சாகுபடி செய்பவர் பெயர் ஆகிய நான்கும் வேண்டும். பட்டா ஒருவர் பெயரிலும் சாகுபடி இன்னொருவர் கையிலும் இருக்கலாம். குத்தகைதாரரா, நிலச் சொந்தக்காரரா, வேலைக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். பெண்கள் சாகுபடி செய்யும் நிலத்துக்கு அவர்கள் பெயரே இடம்பெற வேண்டும்.

கிணறு உள்ளவர்களையும் விட்டுவிடக் கூடாது. "எனக்கு மோட்டார் இருக்கிறது, ஏரித் தண்ணீர் வேண்டாம்" என்று சிலர் ஒதுங்குகிறார்கள். ஏரியில் தண்ணீர் நின்றால்தான் ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊற்று இருக்கும். ஆகையால் அவரும் ஏரியின் பலனை அனுபவிப்பவரே. அவரிடம் பங்கு கேட்பது நியாயம்தான்.

2. நிலத்துக்குத் தக்க பங்கு

தலைக்கு ஓர் ஆள் என்று வைத்தால் அரை ஏக்கர்காரரும் பத்து ஏக்கர்காரரும் ஒன்றாகிவிடுவார்கள். அது நிலைக்காது. ஏக்கர் கணக்கில் ஆள் விட வேண்டும். ஓர் ஏரிக்கு 100 ஏக்கர் ஆயக்கட்டு என்றும், கால்வாய் வேலைக்கு 200 ஆள் தேவை என்றும் வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 2 ஆள் வருகிறது. அரை ஏக்கர்காரர் ஓர் ஆள் வந்தால் போதும். பத்து ஏக்கர்காரர் 20 ஆள் அனுப்ப வேண்டும், அல்லது 20 ஆள் கூலியைச் செலுத்த வேண்டும்.

வேலையை மொத்தமாகச் செய்யாமல், கால்வாயை அளந்து முளை அடித்து, அவரவர் பங்குக்கு இத்தனை கெஜம் என்று பிரித்து விடுவது நல்லது. கும்பலாக வேலை செய்யும்போது வராதவர் யார் என்பது தெரியாது. பிரித்து விட்டால் வெட்டாமல் கிடக்கும் இடமே சாட்சி சொல்லும். கால்வாயில் ஓர் இடம் மேடாக நின்றாலும் மேலே வெட்டியவர் உழைப்பெல்லாம் வீணாகிவிடும் அல்லவா? ஆகவே பக்கத்துப் பங்குக்காரரே அவரைக் கேட்பார்.

3. லாபத்தைப் போல நஷ்டத்திலும் பங்கு

கடைமடைக்காரர் வேலைக்கு வராமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அவர் மண் வெட்டினாலும் தண்ணீர் அவர் வயலுக்கு எட்டுவதில்லை. உழைப்பில் பங்கு கேட்கும் ஊர், தண்ணீரில் பங்கு தர வேண்டும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இலோகோஸ் நார்ட்டே என்ற பகுதியில் 'சஞ்சேரா' என்னும் பழைய பாசனச் சங்கங்கள் உள்ளன. அங்கே ஆற்றின் குறுக்கே மூங்கில், வாழை இலை, மணல், கல் கொண்டு அணை கட்டுகிறார்கள். வெள்ளம் வந்தால் அணை போய்விடும். சில ஆண்டுகளில் பலமுறை மறுபடியும் கட்ட வேண்டிவரும். அப்படியும் ஆள் வருகிறார்கள். அதற்குக் காரணம் நிலம் பிரிக்கப்பட்டுள்ள முறை. ஒவ்வொரு பங்குக்காரருக்கும் தலைமடையில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, கடைமடையில் ஒரு துண்டு என்று நிலம் இருக்கிறது. தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைப் பகுதியை எல்லாருமாகத் தரிசு விடுகிறார்கள். நஷ்டம் ஒருவர் தலையில் விழுவதில்லை. சங்கத்தை நடத்துபவர்களுக்கு ஊதியமாகக் கடைக்கோடியில் நிலம் விடும் வழக்கமும் அங்கே உண்டு. தங்கள் வயலுக்குத் தண்ணீர் வரவேண்டும் என்றால் கடைசிவரை தண்ணீர் போக அவர்கள் வழிசெய்தாக வேண்டும்!

இலங்கையின் வறண்ட பகுதியில் 'பெத்ம' என்ற வழக்கம் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும் போகத்தில், குளத்தை ஒட்டிய வயல்களை மட்டும் எல்லாரும் தங்கள் பங்கு விகிதப்படி தற்காலிகமாகப் பிரித்துக்கொண்டு சாகுபடி செய்கிறார்கள்.

நம் ஊர்களில் நிலத்தைப் புதிதாகப் பிரிப்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் முறைப் பாசனம் வைக்கலாம். ஏக்கருக்கு இத்தனை மணி நேரம் என்று வகுத்து, ஓர் ஆண்டு தலைமடையிலிருந்தும் மறு ஆண்டு கடைமடையிலிருந்தும் முறையைத் தொடங்கலாம். தண்ணீர் பாதிதான் என்றால் எல்லாரும் பாதி நிலத்தில் நெல்லும் மீதியில் உளுந்து, எள் போன்ற பயிரும் செய்வது என்று நாற்று விடுவதற்கு முன்பே முடிவு எடுக்கலாம்.

4. காவல் வேண்டும்

முறை வைத்தாலும் ராத்திரியில் மடை திறப்பவர் இருக்கத்தான் செய்வார். இதற்காகவே நம் முன்னோர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் வைத்து ஓர் ஆளை நியமித்தார்கள். பல ஊர்களில் ஆயக்கட்டில் நிலம் இல்லாதவரையே இந்த வேலைக்கு வைத்தார்கள். சொந்த வயல் இல்லாததால் அவர் ஒருபக்கம் சாய வேண்டியதில்லை. அறுவடையில் களத்து நெல் அவருக்குக் கூலி. விளைச்சல் இருந்தால்தான் கூலி என்பதால் எல்லா வயலையும் கவனிப்பது அவருக்கே நல்லது. கூலி ஒழுங்காகக் கொடுக்காமல் விட்ட ஊர்களில் நீர்க்கட்டி வேலையும் போயிற்று, நியாயமும் போயிற்று.

முறைப் பாசனத்தில் செலவில்லாத காவல் ஒன்றும் உண்டு. ஒருவர் முறை முடியும் நேரத்தில் அடுத்தவர் வாய்க்காலில் வந்து நிற்பார். அவர் ஐந்து நிமிஷம்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். இவரும் அவர் முன்னதாகத் திருப்ப விடமாட்டார். நேரத்தைப் பலகையில் எழுதி மடைக்கு அருகே வைத்துவிட்டால் போதும்.

ஆந்திரத்தில் கர்நூல் பகுதிக் கால்வாய்ப் பாசன ஊர்களை ஆராய்ந்த ராபர்ட் வேட் என்பவர் 1988ல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே சில ஊர்கள் பொது நிதியிலிருந்து கூலி கொடுத்து நீர் பாய்ச்சவும் வயல் காக்கவும் ஆள் வைத்திருந்தன. அறுவடைக்குப் பின் ஆட்டுக் கிடை போடும் உரிமையை விற்று அந்த நிதியைச் சேர்த்தார்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைத்த கால்வாய்த் தலைப்பு ஊர்களில் இந்த ஏற்பாடு அவ்வளவாக இல்லை. தட்டுப்பாடு மிகுந்த கடைக்கோடி ஊர்களில்தான் கட்டுப்பாடு பலமாக இருந்தது. கஷ்டம் அதிகம் என்பதால் ஒற்றுமை வராது என்று நாம் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

5. அபராதம் சிறிதாகத் தொடங்கட்டும்

முதல் தடவை தவறியவருக்குப் பெரிய அபராதம் போட்டால் அவர் விரோதி ஆவார். வீட்டில் சாவு, நோய், வெளியூர் வேலை என்று உண்மையான காரணமும் இருக்கலாம். ஆகவே முதல் தடவை கூட்டத்தில் கேட்டால் போதும். இரண்டாம் தடவை வராத ஆளுக்குக் கூலி மட்டும் வசூலிக்கலாம். மூன்றாம் தடவை இரட்டிப்பு. அதன் பிறகும் கட்டாவிட்டால் அவருடைய முறையை வரிசையில் கடைசிக்குத் தள்ளலாம். பாக்கியைக் கட்டியதும் பழைய இடத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். பழைய குற்றத்தைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தால் திருந்த நினைப்பவரும் திருந்தமாட்டார்.

இரட்டிப்பு வசூல் நமக்குப் புதிதல்ல. சென்னை ராஜதானியில் 1858ல் வந்த சட்டத்தில், வழக்கப்படி ஊரார் கூடிச் செய்ய வேண்டிய பாசன வேலைக்கு வராதவர், தாம் தரவேண்டிய உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு செலுத்த வேண்டும் என்று இருந்தது. குடிமராமத்துச் சட்டம் என்று சொல்லப்படுவது இதுதான்.

எக்காரணத்தைக் கொண்டும் ஒருவரை ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதோ, பயிரைக் காய விடுவதோ கூடாது. அது நியாயத்துக்கும் சட்டத்துக்கும் விரோதம்.

6. வழக்கு அங்கேயே தீரட்டும்

வாய்க்கால் தகராறு கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் எத்தனையோ போகம் போய்விடும். ஸ்பெயின் நாட்டின் வாலென்சியா நகரில் பல நூற்றாண்டுகளாகத் தண்ணீர் நீதிமன்றம் ஒன்று நடக்கிறது. வியாழக்கிழமை நடுப்பகலில், மாதா கோவில் வாசலில் கூடுகிறது. துரியா ஆற்றுக் கால்வாய்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளே நீதிபதிகள். வக்கீல் இல்லை. எல்லாம் வாய்மொழி விசாரணை. உடனுக்குடன் தீர்ப்பு. எந்தக் கால்வாய் வழக்கோ அந்தக் கால்வாய்ப் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. 2009ல் யுனெஸ்கோ நிறுவனம் இதை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாக அங்கீகரித்தது.

நாமும் பாசன காலத்தில் வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், கோவில் முன்போ ஏரிக்கரையிலோ கூடலாம். சம்பந்தப்பட்டவரின் பங்காளியும் சம்பந்தியும் அன்று தீர்ப்புச் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

7. கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும்

வசூல் செய்த பணம் என்ன ஆயிற்று என்ற சந்தேகம் வந்த அன்றே கூட்டு வேலை முடிந்துபோகும். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், கோவில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை மூலம் ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. 360 நாள் ஆனதும் வாரியத்தார் விலக வேண்டும். பதினோரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வளவு எச்சரிக்கை இருந்தது.

வரவு செலவைச் சாவடிச் சுவரில் எழுதி வையுங்கள். வசூலுக்கு ரசீது கொடுங்கள். வேலைக்கு வந்தவர், வராதவர் பெயர்களும் அதே சுவரில் இருக்கட்டும்.

பழைய குறை மறுபடி வரக்கூடாது

அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்வதற்கில்லை. குடிமராமத்து என்ற பெயரில் பல ஊர்களில் மண் சுமந்தவர்கள் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட மக்கள். தண்ணீர் பெற்றவர்கள் நிலக்காரர்கள். அது கூட்டுறவு அல்ல, ஊழியம். பலன் பெறாதவரிடம் பங்கு கேட்கக் கூடாது. நிலமில்லாதவர் வேலை செய்தால் முழுக் கூலி தரவேண்டும். நீர்க்கட்டி வேலையும் ஒரு ஜாதிக்கென்று இருக்கக் கூடாது. ஊதியம் தீர்மானித்து, விரும்பி வருபவரை நியமிக்க வேண்டும்.

சர்க்கார் உதவி எதற்கு?

கரையைப் பலப்படுத்துவது, மதகு, கலிங்கு கட்டுவது போன்ற பெரிய வேலைகளை ஊரார் மட்டும் செய்ய முடியாது. ஆக்கிரமிப்பு அகற்றுவதும் அப்படியே. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. மரம் வெட்டுவதற்கும் வண்டல் எடுப்பதற்கும் முன்னதாக அனுமதி பெற வேண்டும். பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிப்பதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2000ம் ஆண்டைச் சேர்ந்தது. 2017ல் குடிமராமத்து என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தில், செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு என்று வைக்கப்பட்டது. அந்தப் பங்கைக் காண்டிராக்டரே கட்டிவிட்டால் ஏரி ஊருக்குச் சொந்தம் என்ற உணர்வு வராது. பங்கு சிறிதானாலும் விவசாயி கையிலிருந்து வர வேண்டும். பணமாகத்தான் தரவேண்டும் என்பதில்லை, உழைப்பாகவும் தரலாம்.

இந்த ஆண்டே செய்ய வேண்டியது

எல்லா விதியையும் ஒரே ஆண்டில் கொண்டுவர முயல வேண்டாம். ஒரு மடை, அதன் வாய்க்கால், அதில் பாயும் பதினைந்து இருபது பேர் என்று சிறிதாகத் தொடங்குங்கள். சித்திரையில் ஏரி வற்றியிருக்கும்போது கூட்டம் போட்டுப் பட்டியல் எழுதுங்கள். வைகாசியில் வாய்க்காலை அளந்து முளை அடியுங்கள். ஆனி, ஆடியில் வேலையை முடியுங்கள். ஆவணியில் கணக்கைச் சுவரில் எழுதுங்கள். நாற்று விடுவதற்கு முன் முறை நேரப் பலகையை மடையில் கட்டுங்கள்.

விதியை வெளியார் யாரும் எழுதித் தர வேண்டாம். கடைமடைக்காரரும் உட்கார்ந்து பேசி, ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட விதிதான் நிற்கும். வேலைக்கு வராதவருக்கும் தண்ணீர் உண்டு. ஆனால் அவர் பங்குக்கான கூலியைக் கட்டிய பிறகு. இதை எல்லாருக்கும் ஒரே மாதிரியாக, பெரிய தனக்காரர் என்று பார்க்காமல் முதல் ஆண்டிலேயே நடத்திக் காட்டினால், அடுத்த ஆண்டு தமுக்குச் சத்தம் கேட்டதும் மண்வெட்டியோடு வருபவர்கள் பத்துப் பேராக இருக்கமாட்டார்கள்.